முத்திரை வைத்த மூடி

"நீ உடைக்கலைன்னு சொல்லு, அது போதும்."

"நான்தான் உடைச்சேன்னு தெருவே..."

"தெரு சாட்சி சொல்ல வராதுடி!"

"தெருவே நின்னு பாத்துச்சு அண்ணா!"

நகரசபைத் தலைவியின் அறை அது. நாடாளுமன்ற உறுப்பினரான அண்ணன் நின்றபடி கத்தினார், தலைவியான தங்கை உட்கார்ந்தபடி கத்தினாள். அவள் செருப்பில் சாக்கடைச் சேறு இன்னும் காயவில்லை.

அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஊர்ச் சாக்கடையையெல்லாம் தலைநகரத்து வாரியத்தின் கையில் கொடுத்தார்கள். வாரியம் செய்த ஒரே வேலை, வேறு யாரும் திறக்கக்கூடாதென்று சாக்கடை மூடிகளுக்கு முத்திரை வைத்ததுதான். பிரசவ ஆஸ்பத்திரித் தெருவில் அடைத்துக்கொண்டது. ஆள் அனுப்பச் சொல்லித் தலைவி வாரியத்தைக் கேட்டுக் கேட்டு, ஆள் இல்லை என்ற பதிலிலேயே அலுத்துப்போனாள். இன்று காலை கழிவுநீர் பிரசவ அறைக்குள்ளேயே வந்துவிட்டது. கடப்பாரையை எடுத்து முத்திரையை உடைத்துவிட்டாள்.

"பதவி போயிடும்டி. துப்புரவு மேஸ்திரி தானாவே உடைச்சான்னு சொல்லிடு. அவனை நான் வேற எங்கயாவது சேத்துவிடறேன்."

"வேண்டாம்மான்னு என் கையைப் பிடிச்சவரு அவரு. அவர் தலையிலயே கட்டச் சொல்றியா?"

"அப்ப உன் தலை உருளட்டும்!"

"உருளட்டும். இந்தத் திருத்தத்துக்குக் கை தூக்கினது யாரு?"

"எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கினேன்."

"படிச்சியா?"

"தலகாணி கனத்துக்கு இருந்துச்சு. எவன் படிப்பான்?"

"தலகாணின்னதும் தூங்கிட்ட."

"வாய் இருக்கே உனக்கு! சபையைக் கலைச்சுட்டோமா? தலைவியாத்தானே உக்காந்திருக்க?"

"நாற்காலி இருக்கு. சாக்கடை உங்களுது, குடிதண்ணி உங்களுது, தெருவிளக்கும் உங்களுது. காலையில வாசல்ல வந்து காறித் துப்பறாங்க பாரு, அது மட்டும் எனக்கு!"

அண்ணன் சட்டென்று குரலைத் தணித்தார். அவர் குரலைத் தணித்தால் ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"வாரியத்துல நான் பேசியாச்சு. மேஸ்திரிதான் உடைச்சான்னு சொல்லிட்டேன். இப்ப கூப்பிடுவாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு."

"என்னைக் கேக்காமயா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"பிள்ளை பெத்தவ பச்சை உடம்போட சாக்கடைத் தண்ணியில நின்னாளே, அதுவும் அவ நல்லதுக்குத்தானா?"

மேசைத் தொலைபேசி அடித்தது. அண்ணன் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"தலைவி பேசறேன். மேஸ்திரி உடைக்கலை, நான் உடைச்சேன். என் அண்ணன் சொன்னது பொய். பள்ளிக்கூடத் தெருவுலயும் அடைச்சிருக்கு, கடப்பாரையோட இப்ப அங்கதான் கிளம்பறேன். அடைப்பெடுக்க ஆள் இல்லைன்னீங்களே, என்னைத் தடுக்கவாவது ஆள் இருக்கா?"