ஆறு மணி நேரத்து ஜெர்மனி

பொன்னுசாமிக்குப் பொய் சொல்ல வராது. அதனால் மனைவி வீரலட்சுமி தானாகவே தப்புக் கணக்குப் போட்டபோது வாயை மூடிக்கொண்டதோடு சரி.

மகள் ஹரிணிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. ஒரே பெண், அம்மா விடமாட்டாள் என்று அப்பாவும் மகளும் பயந்துகொண்டே விமான டிக்கெட்டைக் காட்டினார்கள். பெங்களூரில் விடிகாலை மூன்றுக்குக் கிளம்பி, அங்கே காலை ஒன்பதுக்கு இறங்குகிறது. வீரலட்சுமி ஓசூர் ஃபேக்டரியில் இருபது வருஷமாக ஷிப்டு பார்க்கிறவள். உள்ளே பஞ்ச் அடித்த நேரம், வெளியே பஞ்ச் அடித்த நேரம், அவ்வளவுதான் அவளுக்குக் கணக்கு.

“ஆறு மணி நேரம். ஒரு ஷிப்டு கூட முழுசா வரலியே” என்றாள். “சங்கரன்கோவில்ல எங்கம்மா வீட்டுக்கு ராத்திரி பூரா பஸ்ல போறோம். அதவிட இது கிட்டத்தான்.”

நாட்டுக்கு நாடு கடிகாரம் மாறும், உண்மையில் பத்தரை மணி நேரம் என்று சொல்ல ஹரிணி வாயெடுத்தாள். பொன்னுசாமி அவள் காலை மிதித்தார். பெண் விமானம் ஏறிவிட்டாள்.

பக்கத்து வீட்டு நாராயணம்மா துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டாலும், ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும், வீரலட்சுமி சொன்னது ஒன்றுதான்: ஆறு மணி நேரம். கேட்டுக் கேட்டுப் பொன்னுசாமிக்கே ஜெர்மனி பக்கத்தில் வந்துவிட்டது.

இப்போது ஹரிணி லீவுக்கு வருகிறாள். மத்தியானம் ஒன்றுக்குக் கிளம்பி, நடுராத்திரி ஒன்றரைக்குப் பெங்களூரில் இறங்குகிறாளாம். போக ஆறு, வர பன்னிரண்டரையா என்று வீரலட்சுமி கேட்டால் குட்டு உடைந்துவிடும். பெண்ணைத் திருப்பி அனுப்பவும் மாட்டாள். பொன்னுசாமி டிக்கெட்டைக் காட்டாமலே நாளைக் கடத்தினார்.

அழைத்துவரச் சாயங்காலமே வாடகைக் காரில் கிளம்பிவிட்டார்கள். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி நெரிசலில் கார் நின்றபோது, அதற்கு மேல் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“தெரியும்ங்க” என்றாள் வீரலட்சுமி. “டிக்கெட் பாத்த மறுநாளே தஸ்லிம் சொல்லிட்டா.” தஸ்லிம் ஃபேக்டரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், புருஷன் சவுதியில் தம்மாமில் இருக்கிறான்.

“அப்புறம் ஏன் ஆறு ஆறுன்னே சொல்லிட்டிருந்த?”

“அவ போன அன்னிக்கு நீங்க பச்சத்தண்ணி குடிக்கல. ஆறு மணி நேரம்தானேன்னு சொன்னேன், ரெண்டு இட்லி உள்ள போச்சு. சரி, இதையே சொல்லுவோம்னு இருந்துட்டேன்.”

பொன்னுசாமிக்கு அவள்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது. முன்னால் டிரைவர் இருந்ததால் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

வண்டி நகர்வதாக இல்லை. ஏர்போர்ட் போக இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று அவள் கேட்டாள். மூன்று மணி நேரம் என்று போன் காட்டியது. பொன்னுசாமி போனைக் கவிழ்த்து வைத்தார்.

“இந்தா, வந்தாச்சு லட்சுமி” என்றார்.