காயா என்றொரு சொல்

பாடுச் சீட்டு குலுக்குவதற்கு முந்தின நாள் காலையில்தான் அந்தக் குரல்பதிவு ஜமுனாவின் போனுக்கு வந்தது.

பாடு என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன் கண்ணுங்களா. ஏரியில் இறால் ஓடும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று எங்கள் குப்பத்தில் வருஷத்துக்கொரு தரம் சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். கல்யாணமான ஆணுக்கு ஒரு முறை. அவன் வெளியூரில் பிழைத்தாலும் பெயர் நிற்கும். தம்பியோ மச்சானோ அவன் முறையில் இறங்கி, கிடைப்பதில் பாதியை அவன் வீட்டுக்குக் கொடுப்பான். ஆள் செத்துப்போனால் பெயர் விழுந்துவிடும், தலையெடுத்த மகன் இருந்தாலொழிய. ஜமுனாவுக்கு இருப்பது பால்குடி மறக்காத ஒரு பெண் குழந்தை.

அவள் புருஷன் தசரதன் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பலுக்கு வேலைக்குப் போனவன். மழைக்காலத்திலிருந்து பேச்சில்லை. இப்போது அவன் எண்ணிலிருந்தே வேறு யாரோ, புரியாத பாஷையில் பேசியிருந்தார்கள்.

ஜமுனா போனைச் செசிலியாவிடம் கொண்டு ஓடினாள். செசிலியா சிங்கப்பூரில் வீட்டுவேலை செய்தபோது இந்தோனேசியப் பெண்களோடு தங்கி அவர்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டவள். நண்டு கழுவிய கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"காயா, காயான்றாங்களே, இன்னாக்கா அது?"

"பணக்காரன்னு அர்த்தம். நெறைய இருக்கறவன்."

"யாரு?"

"உன் வூட்டுக்காரருதான்."

ஜமுனா சிரித்துவிட்டாள். "கூரைக்கு ஓலை மாத்த வக்கில்லாத பணக்காரரு."

செசிலியா சிரிக்கவில்லை. பேசியவன் கப்பலில் தசரதனோடு ஒன்றாகப் படுத்தெழுந்தவன். எங்க ஊர் ஏரியில் என் பெயருக்கு இடம் இருக்கிறது, என் முறை வந்தால் இறால் அள்ளலாம் என்று தசரதன் பீற்றிக்கொள்வானாம். ஏரியே வைத்திருப்பவன் இங்கே வந்து ஏன் வலை இழுக்கிறான் என்று கேலி பண்ணி, அவனைக் காயா என்றே கூப்பிட்டார்களாம். காய்ச்சலில் கிடந்தபோதும் அப்படிக் கூப்பிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தார்களாம்.

மிச்சத்தை அவள் ஜமுனாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாயில் சுற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள்.

ஜமுனா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அழுகுரல் கேட்டால் ஊர் திரண்டுவிடும். திரண்டால் தாலி இறங்கும், பெயரும் விழும்.

"நாளைக்கி சீட்டுக்கா."

"தெரியும்டி."

"கொழந்தைக்கி அது ஒண்ணுதான்."

செசிலியா பதிவை அழித்தாள். "எனக்கு இன்னா பாஷ தெரியும்? போயி மூஞ்சி கழுவு."

வழியில் கொழுந்தன் மாசிலாமணி வலையோடு வந்தான். அண்ணனிடமிருந்து சேதி உண்டா என்று கேட்டான். கப்பலில் உங்கள் அண்ணனைப் பணக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம் என்றாள். அவன் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே ஏரிக்கு இறங்கினான்.

மறுநாள் கோயிலடியில் பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஜமுனா தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். தசரதன் பெயர் வந்ததும் தலைவர் நிறுத்தி, அவளைப் பார்த்தார்.

"நல்லாருக்கானாமா?"

"இருக்காரு மாமா."

அவர் சீட்டை மடித்துக் குடத்தில் போட்டார். அடுத்த குலுக்கல்வரை அவள் பூவை எடுக்க முடியாது. அழவும் முடியாது.