ஒரு பக்கமே திரும்பிய பிள்ளை

மிதுஷா எப்போதும் வாசலைப் பார்த்தபடிதான் படுத்திருப்பாள். நாலு மாதம் கடந்த அந்தப் பெண் குழந்தையைப் பற்றி மேட்டு லயத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். டயகமவுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளாகக் கட்டிய லயத்தின் ஓரறைக் காம்பரா ஒவ்வொன்றுக்கும் ஒரே வாசல். வெளிச்சம் வந்தாலும் ஆள் வந்தாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். கூரையில் கனம் தாங்கக்கூடிய கட்டை ஒன்றே ஒன்று இருந்ததால், அதில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தார்கள். கம்பு வைத்து விரித்த அந்தத் தொட்டில் முதல் நாளிலிருந்து ஒரே இடத்தில், ஒரே திசையில் தொங்கியது. பிள்ளை வலது பக்கம் தலையைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"அப்பனத் தேடுது" என்று அடுத்த காம்பரா நாகலெட்சுமி ஒருநாள் போகிற போக்கில் சொன்னாள். மறுநாள் லயம் முழுக்க அதே பேச்சு. கேட்டவர்களுக்கெல்லாம் மனம் உருகியது. மனம் உருகிவிட்டால் அதற்கு மேல் யார் யோசிக்கப்போகிறார்கள்?

அந்த அப்பன் லோஜன். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. தீபாவளி நேரத்தில் துணிக்கடையில் வேலை செய்கிறவன் லீவு கேட்க முடியுமா? கேட்டால் அதன் பிறகு வருசம் முழுக்க லீவுதான். ஆகவே மகளின் முதல் தீபாவளியை அவன் கைத்தொலைபேசியில்தான் பார்த்தான். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் மனைவி நிலக்ஷி தினமும் அழைப்பாள். சிக்னல் வாசல்படியில்தான் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து தொட்டிலைக் காட்டுவாள். கம்பளித் தொப்பி போட்ட பிள்ளை வைத்த கண் வாங்காமல் அவனையே பார்க்கும். லோஜனுக்குப் பெருமை பிடிபடாது. கடையில் உடன் வேலை செய்பவர்களிடம் தொலைபேசியை நீட்டி, "பாருங்க, என்னத்தான் தேடுறா" என்பான்.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து ஒரு வாரம் கழித்துத்தான் அவனுக்கு ஊருக்கு வர முடிந்தது. வந்தவன் பையைக்கூட இறக்கி வைக்காமல் தொட்டிலுக்குப் போனான். அடுப்பு இருந்த பக்கமாக, அதாவது பிள்ளையின் இடது கைப் பக்கமாக நின்றுகொண்டு, "மிதும்மா" என்று கூப்பிட்டான். பிள்ளையின் கண்கள் அவன் பக்கம் வந்தன. தலை வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். பிள்ளை சிணுங்கியது. பழகாத குரல், போகப் போகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவளைத் தூக்கினான். முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கத் தொப்பியைக் கழற்றினான்.

பின்மண்டையின் வலது பக்கம் பலகையில் வைத்து அழுத்தியதுபோலத் தட்டையாக இருந்தது. அந்தப் பக்கத்துக் காது மற்றதைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றது. நெற்றியும் அந்தப் பக்கம் சற்றே புடைத்திருந்தது. லோஜன் பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னா, நிலா?"

நிலக்ஷி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கொஞ்ச நாளா இருக்குங்க. ஒங்ககிட்ட சொன்னா பயந்துருவீங்கன்னு சொல்லல."

"மிட்வைஃப் மிஸ்கிட்ட காட்டுனியா?"

அவள் காட்டவில்லை. மிட்வைஃப் லயத்துக்கு வந்த அன்று, பிள்ளை இப்போதுதான் தூங்குகிறாள் என்று வாசலிலேயே பேசி அனுப்பியிருந்தாள். நாலாம் மாத ஊசிக்கும் கொண்டுபோகவில்லை. ஊசி போடுகிற இடத்தில் தொப்பியைக் கழற்றச் சொல்வார்களே என்ற பயம். நிலக்ஷி பிறந்த தோட்டத்தில் தலை கோணலான பையன் ஒருவன் இருந்தான். அவனை எல்லோரும் மந்தம் என்றார்கள். அவனுடைய அக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தன் பிள்ளைக்கும் அந்தப் பெயர் வந்துவிடக்கூடாது என்பதற்காகவே அவள் தொப்பியை இறுக்கி இறுக்கி மாட்டினாள். அந்தக் குளிரில் பிள்ளைக்கு ஏன் தொப்பி என்று யாரும் கேட்கவில்லை.

லோஜனுக்கு வந்த கோபம் முழுவதும் மனைவி மேல்தான் வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஆண்களின் கோபத்துக்கு வழி நன்றாகத் தெரியும். "பெத்தா மட்டும் போதுமா? நாள் முழுக்க நீ என்னத்த பாத்த?" என்று அண்டை வீட்டுக்குக் கேட்கும்படியே கேட்டான்.

"நாள் முழுக்க நான் மலையில நின்னேன்" என்றாள் நிலக்ஷி.

சத்தம் கேட்டு நாகலெட்சுமி வந்துவிட்டாள். அந்த லயத்துப் பிள்ளைகள் பாதிப் பேரைக் குளிப்பாட்டி எடுத்த கை அவளுடையது. நல்ல மனசுக்காரி. பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கா சண்டை போடுறீங்க? எண்ணெயக் காய்ச்சி ரெண்டு பக்கமும் அமுக்கி உருட்டுனா சரியாப் போயிரும். பச்ச மண்டைதானே" என்றாள். லோஜனுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவும் வேண்டாம், நாலு பேருக்குத் தெரியவும் வேண்டாம். பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி அடுப்பில் வைத்தது அவன்தான்.

நாகலெட்சுமி அமுக்கினாள். லோஜன் பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டான். மிதுஷா வீறிட்டு அழுதாள். நிலக்ஷி போதும் என்று சொல்லியும் ஒருவரும் நிறுத்தவில்லை. பிறகு நாகலெட்சுமி குரக்கன் தானியம் நிரப்பிய சின்னத் தலையணை ஒன்றைக் கொண்டுவந்தாள். தலை அதில் பதிந்து கிடந்தால் உருண்டையாகிவிடும் என்றாள். தொட்டிலில் வேண்டாம், பாயிலேயே படுக்கட்டும் என்று பிள்ளையின் தலைக்கு அடியில் அதை வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் நிலக்ஷி மலைக்குப் போய்விட்டாள். லோஜன் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து கறகறவென்று ஒரு சத்தம் வந்தது. சளியாக இருக்கும் என்று முதலில் நினைத்தான். மறுபடியும் கேட்டதும் எழுந்து போனான். தலையணை நகர்ந்து, பிள்ளையின் மூக்கும் வாயும் அதில் புதைந்து கிடந்தன. முகத்தை எடுக்க முடியாமல் கைகளை மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள். அள்ளித் தூக்கினான். முகம் கன்றிப் போயிருந்தது. கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து மூச்சு வாங்கிய பிறகுதான் அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்டு அவனும் அழுதான். நேற்று நிலக்ஷியைக் கேட்ட கேள்வி அவனுக்கே திரும்பி வந்தது. பக்கத்திலேயே இருந்துகொண்டு அவன் என்னத்தைப் பார்த்தான்?

நடந்ததை அன்று மாலையே நிலக்ஷியிடம் சொல்லிவிட்டான். அடுத்த கிளினிக் நாளில் இருவருமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று இருந்தவர் டாக்டர் ரிஃப்னா, இளம் பெண். அவரே தொப்பியைக் கழற்றினார். நிலக்ஷி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார், மண்டை எலும்புகள் சேரும் இடங்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு கிலுகிலுப்பையை வலது பக்கம் ஆட்டினார். பிள்ளை திரும்பியது. இடது பக்கம் ஆட்டினார். கண் வந்தது, தலை பாதி வழியில் நின்றுவிட்டது.

"வீட்டில எந்தப் பக்கம் பார்த்துப் படுப்பா?"

"வாசல் பக்கந்தான் டாக்டர்" என்றான் லோஜன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் கொழும்புல இருக்கேன். அதனால என்னத் தேடுறான்னு சொல்லுவாங்க" என்றும் சொன்னான்.

டாக்டர் லோஜனின் கையைப் பிடித்தார். பிள்ளையின் கழுத்தின் இடது பக்கத்தில் அவன் விரலை எடுத்து வைத்தார். தோலுக்கு அடியில் தசை கயிறு மாதிரி இறுகியிருந்தது.

"தேடல்ல தம்பி. மற்றப் பக்கம் திரும்ப ஏலாமதான் அப்படிப் படுத்திருக்கா. இந்தத் தசை இறுகிப் போயிருக்கு. ஒரே பக்கமாவே படுத்தா, பிஞ்சு மண்டை அந்தப் பக்கம் தட்டையாகும்."

லோஜனுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிள்ளை கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்ததை, தன் மேல் வைத்த பாசம் என்று கொழும்பு முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறான்.

"புத்திக்கு ஏதும் வருமா டாக்டர்?" நிலக்ஷிதான் கேட்டாள். இத்தனை நாளும் நெஞ்சில் வைத்திருந்த கேள்வி அது.

"இதால மூளைக்கு ஒண்டும் வராது மகள். மண்டை எலும்புகள் வயசுக்கு முன்னாலேயே ஒட்டிப் போறது வேற நோய், அது இவளுக்கு இல்ல. ஆனா அதை நாங்க பார்த்துத்தான் சொல்லணும், வீட்டில இருந்து சொல்ல ஏலாது. இன்னும் முந்தி வந்திருந்தா வேலை இதைவிட லேசு. இப்பவும் பிந்தல்ல."

வெளிநாட்டில் இதற்கு மாட்டுகிற தலைக்கவசம் ஒன்றைத் தொலைபேசியில் பார்த்ததாக லோஜன் சொன்னான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தேவைப்படாது என்றார் டாக்டர். கழுத்துக்குப் பயிற்சி கற்றுக்கொள்ளப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மற்றதெல்லாம் வீட்டில் செய்ய வேண்டியது. தூங்கும்போது கெட்டியான, சமமான இடத்தில் மல்லாக்கத்தான் படுக்க வேண்டும், தலையணையே கூடாது. படுக்கவைக்கும் திசையை மாற்ற வேண்டும், வெளிச்சமும் ஆளும் குரலும் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, அடிக்கடி கொஞ்ச நேரம் குப்புறப் போட்டுப் பழக்க வேண்டும். தொட்டிலிலேயே போட்டுவைக்காமல் தூக்கி வைத்திருக்க வேண்டும். அமுக்கினோம் என்று லோஜன் ஒப்புக்கொண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "இனி ஒருத்தரும் அந்தத் தலையை அமுக்கக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். விட்டுப்போன ஊசியையும் அன்றே போட்டு அனுப்பினார்கள்.

பஸ்ஸில் வரும்போது லோஜன் மனைவியிடம், "அன்னைக்கு ஒன்னயத் திட்டுனேன். நான் பண்ணுன வேலைக்கு என்னய யாரு திட்டுறது?" என்றான்.

"அத வுடுங்க" என்றாள் நிலக்ஷி. "நானும் மறைச்சேன்தானே. இப்ப பகல்ல இவள யாரு திருப்பிப் படுக்க வக்கிறது, அதச் சொல்லுங்க."

அதுதான் உண்மையான சிக்கல். லோஜன் இரண்டு நாளில் கொழும்புக்குப் போய்விடுவான். நிலக்ஷி மலைக்குப் போனால் மிதுஷா எப்போதும்போல் பகலில் இருக்கப்போவது பிள்ளைக் காம்பராவில். வேலைக்குப் போகும் தாய்மார் எல்லோரும் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அங்கே பார்த்துக்கொள்ளும் பிரியந்திக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் எல்லோருக்கும் தெரியும். சொல்லாவிட்டால் வீட்டில் செய்வதெல்லாம் பகலில் வீணாகிவிடும்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால், பிள்ளைக் காம்பரா வாசலில் பெண்கள் கூடியிருந்த நேரத்தில் இருவரும் போனார்கள். லோஜன் பிரியந்தியிடம், "அக்கா, இவளுக்கு இடது பக்கம் கழுத்து திரும்பாது. எப்பிடிப் படுக்க வக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, காட்டுறேன்" என்று ஆரம்பித்தான். நிலக்ஷி பிள்ளையின் தலையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினாள்.  யாரோ 'ஐயோ பாவம்' என்றார்கள்.

நாகலெட்சுமி நிலக்ஷியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அதற்குப் பிறகு அமுக்க விடாத வருத்தம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. "பொம்பளப் புள்ளடி. இத நாலு பேருக்கு முன்னால காட்டணுமா? நாளைக்கு அவ காதுபடச் சொல்லுவாங்க."

நிலக்ஷி கையை உதறவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"சொல்லுவாங்கன்னுதான் அக்கா நானும் மறைச்சி வச்சேன். நான் மறைச்ச ஒவ்வொரு நாளும் இவ கழுத்து இன்னும் இறுகிக்கிட்டுதான் இருந்திச்சி. லயம் என்ன சொல்லுமோன்னு பயந்தேனே, லயத்துக்கு ஒண்ணும் ஆகல, எம்புள்ளைக்குத்தான் ஆச்சி. புள்ளைக்கி ஒரு கொறன்னு தோணுனா அமுக்கவும் வேணாம், மூடவும் வேணாம். அன்னைக்கே கொண்டுபோயி காட்டுங்க."

 கைக்குழந்தையோடு பின்னால் நின்றுகொண்டிருந்த நிஷாந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எம்மவனுக்கும் பின் மண்ட தட்டையா இருக்கு நிலா. வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. அடுத்த கிளினிக் என்னைக்கின்னு சொல்லு, நானும் கூட வர்றேன்."