நான்காவது பெருக்கல் குறி

...அதையும் அப்பா எல்லோர் முன்னாலுமா சொல்ல வேண்டும், "எங்க மாப்பிள்ளை கை வெச்சா வண்டி தண்ணியில போற மாதிரி போகும்" என்று, அப்பாவுக்கு என் கை கண்ணிலேயே படாது, பதினெட்டு வருடமாக இந்தப் பட்டறையில் கறுத்த கை, தங்கையைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருடம் ஆகவில்லை அவனுக்கு, அதற்குள் புது ஷாக் அப்சார்பர் மாட்டுவது அவன், கழற்றிய பழசின் வயிற்றில் ஓட்டை போடுவது நான். முதல் குழாயை வைஸ் பிடியில் இறுக்கினேன், கண்ணாடி போட்டேன், அடிப்பக்கம் டிரில்லை மெதுவாக இறக்கினேன், புஸ்ஸென்று வாயு சீறியது, எண்ணெய் டப்பாவில் சொட்டியது. கார் ஓடி ஓய்ந்தாலும் உள்ளே அடைபட்ட வாயு ஓயாது, அதை வெளியேற்றாமல் பழைய இரும்புக்காக வெட்டினால் வெட்டுகிறவன் முகத்தில் வெடிக்கும். ஓட்டை போட்டதற்கு அடையாளமாக சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி, அதை நம்பித்தான் அடுத்தவன் வெட்டுவான். இரண்டாவது, மூன்றாவது... காலையில் தேநீரைக்கூட முதலில் என்னிடம்தான் நீட்டினான், "சூடா இருக்கு, பாத்துக் குடிங்க மச்சான்" என்று, நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான், சண்டை போடவாவது ஒரு காரணம் தரக்கூடாதா? வாசலில் மறுபடி சிரிப்பு, அப்பா அவன் தோளில் கை போட்டிருந்தார், என் தோளில் அந்தக் கை கடைசியாக எப்போது விழுந்தது? வயிறு எரிந்தது, ஆமாம், பொறாமைதான், வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

நான்காவதையும் குறி போட்டு ஓரமாகத் தள்ளினேன், டிரில்லைத் துடைத்தேன், டப்பாவை மூடப்போனேன்... எண்ணெய் இவ்வளவுதானா? நான்காவதற்கு சீறல் கேட்டதா? கேட்கவில்லை. சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. குறி மட்டும் போட்டிருக்கிறேன். நிமிர்ந்தேன், வெட்டும் மேடையில் அவன், பிடிப்பில் அந்தக் குழாய்.

"மாப்பிள்ளை, வெட்டாதீங்க! அதுல ஓட்டை போடலை!"

வெட்டும் சக்கரம் நின்றது. அவன் குழாயைத் திருப்பிப் பார்த்தான், முகம் வெளுத்தது, பிறகு சிரித்தான். "நல்லவேளை மச்சான், உடனே பாத்தீங்க. இல்லேன்னா உங்க தங்கச்சி கதி?" அப்பா ஓடி வந்தார், விஷயத்தைக் கேட்டார், என் தோளில் கை வைத்தார், "பெரியவன் பெரியவன்தான்" என்றார், இதற்காகத்தானே இத்தனை வருடம் ஏங்கினேன், ஆனால் அந்தக் கை ஏன் இப்படிக் கனக்கிறது? உடனேதான் கத்தினேன். நிமிர்ந்ததும் கத்தினேன். அவன் இடது கையுறையை முதலில் மாட்டினான், விரல் சிக்கியது, பல்லால் இழுத்துச் சரிசெய்தான், முகமூடியை இறக்கினான், குனிந்து சுவிட்சைத் தட்டினான்... இதையெல்லாம் நான் எப்போது பார்த்தேன்?