பதினாலாம் நம்பர் பூட்டு

ஆஸ்பத்திரியில் கொடுத்த பாலிதீன் பையைக் கிளாட்வின் மறுபடியும் கேட்டபோது, விஜிலா அதன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பந்தலில் அவள் கணவன் இஞ்ஞாசியின் சவப்பெட்டி இருந்தது. சாமியார் வர இன்னும் அரை மணி நேரம்.

"கம்பெனில கேக்காவ தங்கச்சி. ரிப்போர்ட்டோட வைக்கணுமாம்."

துறைமுகச் சாலையில், குறுகிய பாதை ரயில்களுக்கு எஞ்சின் செய்யும் பட்டறையில் கிளாட்வின் சூப்பர்வைசர். நேற்றுக் காலை இஞ்ஞாசி ஒரு பேட்டரி எஞ்சினுக்கு அடியில் படுத்து பிரேக் மாட்டிக்கொண்டிருந்தபோது அது நகர்ந்துவிட்டது. சனிக்கிழமை கப்பலேற வேண்டிய எஞ்சின். மெயின் சுவிட்சைப் பூட்டாமலே அடியில் இறங்கிவிட்டான் என்று போலீசிடம் சொன்னவர் கிளாட்வின்தான்.

"கிரீஸ் நாத்தம்னு எங்கண்ணன் பக்கத்துல உக்காந்து டீ குடிக்க மாட்டீரு. இப்ப அந்தச் சட்டை வேணுமாக்கும்" என்றாள் இஞ்ஞாசியின் தங்கை பிளாரன்ஸ்.

பையில் நீலச் சட்டையும் பேன்ட்டும் செபமாலையும் இருந்தன. பேன்ட் பைக்குள் ஒரு சின்னச் சாவி. சிவப்பு வளையத்தில் 14.

விஜிலாவுக்கு அது தெரியும், இஞ்ஞாசியின் பூட்டு நம்பர். பட்டறையில் ஆளுக்கொரு பூட்டு, ஒரே சாவி. சுவிட்சில் பூட்டை மாட்டிவிட்டுச் சாவியைத் தன்னோடு வைத்துக்கொண்டுதான் அடியில் இறங்க வேண்டும். பூட்டினால்தான் சாவி வெளியே வரும். திறந்த பூட்டிலிருந்து உருவ முடியாது. ஒருமுறை மறந்துபோய்ச் சாவியோடு வீட்டுக்கு வந்த இஞ்ஞாசி, சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடினான். அவன் போகும்வரை அந்த எஞ்சினை யாரும் அசைக்க முடியாதாம், பூட்டை வெட்டினாலொழிய.

"இவுக பூட்டு எங்க அண்ணாச்சி?"

"ஆணியிலயே தொங்குது. எடுக்கவே இல்ல அவன்."

"தெறந்தா தொங்குது?"

"ஆமா."

அவள் உள்ளங்கையை விரித்தாள். கிளாட்வின் சாவியைப் பார்த்தார். சனிக்கிழமைக் கப்பல் என்று ஏதோ தொடங்கினார், முடிக்கவில்லை. பையை அவர் அதன்பிறகு கேட்கவில்லை.

செபம் முடிந்து பெட்டியைத் தூக்க ஆறு பேர் குனிந்தார்கள். முன்பக்கக் கைப்பிடியில் கிளாட்வின்.

"நீங்க விடுங்க அண்ணாச்சி" என்றாள் விஜிலா, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் விட்டார். பெட்டி அந்தப் பக்கம் சரிந்தது. வேறொருவர் வருமுன் விஜிலா கைப்பிடியைப் பிடித்திருந்தாள். தெருவெல்லாம் மணல். மற்ற ஐந்து பேரும் அவளுக்காக அடியைச் சுருக்கி நடந்தார்கள்.