நாலு மூலைக்கு நாலு பேர்

என் தம்பி மகன் இனிக்க இனிக்கப் பேசினாலே நான் உஷாராக வேண்டும். வரிசையாக நின்று எல்லோரும் ஒரே மாதிரி அடிவைக்கும் ஆட்டத்தை நான் சொல்லிக்கொடுக்கும் மன்றத்துக்கு, அவன் மேலாளராக வந்த இரண்டாம் மாதம், "அத்தை, வகுப்புக்குத் தனியா, விருந்துக்குத் தனியா, உங்களுக்குப் பிடிச்ச லைன் டான்ஸ் எல்லாம் எழுதிக் குடுங்களேன்" என்றான். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காததைக் கேட்கிறானே என்று உச்சி குளிர்ந்து மூன்று பக்கம் எழுதினேன். வகுப்புக்கு, பதினாறு எண்ணிக்கையில் முடியும் சின்ன ஆட்டங்கள். புதியவர்களுக்குக் கால் பின்னாது. விருந்துக்கு, ஒவ்வொரு சுற்றிலும் கால்வாசி திரும்பி, நாலு சுவரையும் பார்த்து ஆடுகிறவை. அவைதான் என் செல்லங்கள். அவற்றில் கடைசி வரிசைக்காரர்களும் ஒருமுறை முதல் வரிசை ஆகிவிடுவார்கள்.

அடுத்த வாரம் முன்சுவரில் பெரிய திரை தொங்கியது. என் ஆட்டங்கள் வரிசைகூட மாறாமல் வீடியோவாக அதில் ஓடின. "இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம் அத்தை. சனிக்கிழமை விருந்துக்கு விருந்தாளியா வந்து உக்காருங்க" என்றான்.

இருபத்திரண்டு வருட வேலை போய், ஒரு நாற்காலி மிச்சம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. விருந்துக்குப் போனேன். போகாவிட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டேன் என்பான்.

நாற்பது பேர் ஆடினார்கள். முதல் சுவரில் குறையில்லை. கால்வாசி திரும்பியதும் நாற்பது கழுத்தும் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டன. மறுபடி திரும்பியதும் எல்லோர் முதுகும் திரைக்கு. தையற்கடைக்காரம்மா வகுப்புக்கு வந்தே நாலு வாரம்தான். எப்போதும் கடைசியில் நிற்பவர், இப்போது முதல் வரிசையில் வெறும் சுவரைப் பார்த்து நின்றார். தோளுக்கு மேல் திரையை எட்டிப் பார்த்ததில் கால் மாறி, பின்னால் இருந்தவர்மேல் மோதினார். யாரோ சிரித்தார்கள். அவர் வரிசையை விட்டு விலகி, தன் பையைத் தேடிப் போனார். "சிரிச்சா அப்புறம் வரவே மாட்டேன் டீச்சர்" என்று முதல் நாளே சொன்னவர்.

எனக்குள் ஒரு குட்டிச்சாத்தான் கைதட்டியது. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், திரையின் மானம் தானாகக் கப்பலேறும். ஆனால் இந்தம்மா வாசலைத் தாண்டினால் போனது போனதுதான். அவரை விற்று எனக்கு ஒரு வெற்றி வேண்டாம்.

எழுந்து போய்த் திரையின் பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டும் நின்றது.

"அத்தை! என்ன பண்றீங்க?"

"வகுப்பு எடுக்கறேன். தள்ளி நில்லு."

என் பழைய மாணவர்களில் பல் டாக்டரை ஒரு மூலைக்கு அனுப்பினேன், லாரி ஓட்டுபவரை எதிர் மூலைக்கு. நன்றாக ஆடும் இன்னும் இருவர் மற்ற மூலைகளுக்குப் போனார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்து ஆட முன்னால் ஒரு ஆள் வேண்டும். இதை நான் பட்டியலில் எழுதவில்லை. சமையல் குறிப்பில் அடுப்பைப் பற்றவை என்று யாராவது எழுதுவார்களா?

தையற்கடைக்காரம்மாவின் கையிலிருந்து பையை வாங்கி என் நாற்காலியில் வைத்தேன். "நடுவுல நில்லுங்கம்மா. நாலு பக்கமும் துணைக்கு ஆள் இருக்கு."

கைதட்டி எண்ணினேன். இரண்டாம் சுற்றில் கூடமே சேர்ந்து எண்ணியது. மூன்றாம் சுற்றில் நான் வாயை மூடி ஓரமாக ஒதுங்கினேன். ஆட்டம் நிற்கவில்லை. பின்சுவரைப் பார்த்துத் திரும்பியபோது தையற்கடைக்காரம்மா லாரிக்காரரின் காலைப் பார்த்துத் தப்பில்லாமல் ஆடினார்.

தம்பி மகன் என் காதருகே வந்தான். "பாத்தீங்களா? நீங்க இல்லாமலே ஆடுறாங்க."

"ஆமாண்டா. அதுக்குத்தானே சொல்லிக் குடுத்தேன். உன் திரை ஓடினப்ப என்ன ஆச்சுன்னும் பாத்தேல்ல?"

அவன் முகம் சுண்டிப்போனது. "அதெல்லாம் சரி. உங்க ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு அத்தை."

"செவ்வாக்கிழமை ஆறு மணிக்கு வகுப்பு" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "சாவி உங்கிட்ட இருக்கு. திறந்தா உள்ள ஆடுவோம், திறக்கலேன்னா வாசல்ல ஆடுவோம்."

அவன் பதில் சொல்வதற்குள், மூச்சு வாங்க நின்ற தையற்கடைக்காரம்மா கையைத் தூக்கினார்.

"வாசல்னா செருப்பு போட்டுக்கிட்டே ஆடலாமா டீச்சர்?"