விட்டுப்போன பத்தி

“அது புத்தகத்துல இல்லடி. நீயா சேர்த்துப் படிக்கிற.”

“நான் ஏன் சேர்க்கணும்? எழுதினது அந்தம்மா.”

“நாலு பேர் கேக்கணும்னுதானே?”

அச்சகத்தின் தடுப்புக்கு அப்பால் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் காது கொடுத்தார்கள். இந்தப் புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மேசையில் புரூஃப் பார்ப்பவர்கள். பழைய பிரதியைக் கமா, புள்ளி உட்பட அவள் உரக்கப் படிப்பாள். புதிதாக டைப் அடித்த தாளில் அவன் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வருவான். அதனாலேயே அவளுக்குக் ‘கமாக்கா’ என்று பெயர்.

அன்று மறுபதிப்புக்காகக் கையில் இருந்தது, பெண்கள் நாவல் எழுதவே கூசிய காலத்தில் ஒரு பெண் எழுதியது. கல்யாணம் என்ற பெயரில் வீட்டுக்குள் நடக்கும் அக்கிரமத்தை அந்த அம்மாள் போட்டு உடைத்திருந்தார். கமாக்கா படித்தாள்: “கொண்டையைப் பிடித்து இழுத்தான் கமா தலையைச் சுவரில் மோதினான் புள்ளி.”

அவன் தாளில் அந்தப் பத்தியே இல்லை. டைப் அடித்த பெண் தவறவிட்டிருந்தாள். தங்கள் வீட்டு அடுக்களையில் முந்தாநாள் தான் இதையே செய்ததை அவள் அம்பலப்படுத்துவதாக அவன் நினைக்கிறான் என்பது, முகம் போன போக்கிலேயே கமாக்காவுக்குப் புரிந்தது.

அவன் ஓங்கிய இரும்பு ஸ்கேல் அவள் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் பக்கத்தில் சொட்டியது.

முதலாளி ஓடி வந்து பழைய பிரதியைப் பார்த்தார். பத்தி இருந்தது. ஆனாலும் குடும்பச் சண்டை எதற்கு, அந்த அம்மாள் எல்லாவற்றையும் மிகையாகத்தான் எழுதுவார் என்று படித்தவர்களே சொல்கிறார்கள், ஒரு பத்தி போனால் யாருக்குத் தெரியும் என்று இழுத்தார்.

கமாக்கா ரத்தத்தைத் துப்பிவிட்டு டைப் அடிக்கும் பெண்ணிடம், “நான் சொல்றேன், நீ அடி,” என்றாள்.

“கொண்டையைப் பிடித்து இழுத்தான்” என்று ஆரம்பித்ததுமே அவன் பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்தான். மண்டை சுவரில் மோதியது. “கமா,” என்றாள். மறுபடி மோதியது. “தலையைச் சுவரில் மோதினான்.” அட்டை ஒட்டுகிறவர்கள் பாய்ந்து அவனைத் தரையில் அழுத்தி, கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார்கள். எலும்பு மளுக்கென்றது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

“புள்ளி.”

புத்தகம் அந்தப் பத்தியோடுதான் வந்திருக்கிறது. தலையில் தையலோடு கமாக்கா, டைப் அடிக்கும் பெண்ணின் அறையில் தங்கியிருக்கிறாள். கையில் மாவுக்கட்டோடு புருஷன் ஆள் விட்டுக் கேட்கிறான், ஒரு கதைப் புத்தகத்துக்காகக் குடித்தனத்தைக் கெடுத்துக்கொள்வாயா என்று. வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

அந்த அம்மாள் மிகையாகவா எழுதினார்? உங்கள் வீட்டில் பார்த்ததை நினைத்துப் பார்த்துவிட்டு, தயவுசெய்து கீழே பதில் போடுங்கள்.